ஜிம்மி கட்டிப்பிடித்த கால்கள்

எங்கள் வீட்டில் யாரும் யாரையும் கட்டிப்பிடிக்கிற வழக்கமில்லை. அதைச் செய்தது இரண்டே பேர்: நானும் ஜிம்மியும்.

எனக்கு அப்போது ஏழு வயது. அண்ணாமலைக்குப் பக்கத்தில், வேங்கிக்காலில் வாடகை வீடு. அப்பா அரசாங்க அலுவலகத்தில் எழுத்தர். சாயங்காலம் சைக்கிள் மணி கேட்டதும் கேட்டுக்கு ஓடிப்போய் அவர் காலைக் கட்டிக்கொள்வேன். "ஏய் விடு, விழுந்துடப் போறேன்" என்பாரே தவிர, ஒரு நாளும் காலை உதறியதில்லை. சைக்கிளை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, என்னையும் இழுத்துக்கொண்டே நொண்டி நொண்டி வாசல்வரை வருவார்.

ஜிம்மியை, எங்களோடு தங்கியிருந்த மாமா, அம்மாவின் தம்பி, செங்கத்திலிருந்து ஒரு கட்டைப் பையில் போட்டுக் கொண்டுவந்தார். உள்ளங்கையளவு குட்டி. ஆறு மாதம் வரைக்கும் அவனைப் போல நல்ல பிள்ளை ஊரில் இல்லை. அதற்கப்புறம் ஆரம்பித்தது. தலையணை, அரிசி மூட்டை, மாமாவின் கால், எது கிடைத்தாலும் முன்னங்கால்களால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு இடுப்பை ஆட்டுவான். மாமா விழுந்து விழுந்து சிரிப்பார். அம்மா "கருமம், கருமம்" என்று தலையிலடித்துக்கொண்டு துடைப்பத்தைத் தேடுவாள். சிரிப்பும் கூச்சலும் ஏற ஏற, தன்னோடு எல்லோரும் விளையாடுகிறார்கள் என்று அவனுக்கும் உற்சாகம் ஏறும்.

"ஏம்மா இப்படிப் பண்றான்?" என்று கேட்டேன்.

அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "கட்டிப்பிடிக்கிறான்டி. கெட்ட பழக்கம். நீ உள்ள போ."

கடைசியில் அப்பா அவனை மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். நானும் அடம்பிடித்துப் போனேன். வேப்பமரத்தடியில் நிற்கச் சொன்னார். நான் ஜன்னலோரம் நின்றேன்.

"கொஞ்சம் சேட்டை ஜாஸ்திங்க சார்" என்றார் அப்பா.

"கடிக்குதா?"

"இல்லீங்க."

"ஒழுங்கா தின்னுதா?"

"தின்னுதுங்க. ஆனா வீட்டுக்கு யாராச்சும் வந்தா... ஒரு மாதிரி..."

அப்பா ஓரக்கண்ணால் திரும்பிப் பார்த்தார். பக்கத்தில் ஆட்டைப் பிடித்துக்கொண்டு ஒரு அம்மாள் நின்றிருந்தாள். டாக்டர் ஜிம்மியின் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டுப் பூச்சி மருந்து எழுதிக்கொடுத்தார். அப்பா கும்பிடு போட்டுவிட்டு வெளியே வந்தார். ஊரில் யார் கேட்டாலும் மனு எழுதித் தருகிற மனுஷன், தன் நாய்க்காக ஒரு வாக்கியம் சொல்ல முடியாமல் வந்துவிட்டார். பூச்சி போனதில் ஜிம்மி இன்னும் கொழுகொழுவென்று ஆனான். அவன் பழக்கத்துக்குப் பலம் கூடியதுதான் மிச்சம்.

அந்தப் பௌர்ணமிக்கு மலை சுற்ற வந்த அப்பாவின் மேலதிகாரி, போகிற வழியில் மனைவியோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். ஜிம்மியைப் பின்பக்கம் கட்டிப்போட்டிருந்தோம். கயிற்றைக் கடித்து அறுத்துக்கொண்டு அவன் வந்து சேர்ந்ததும், அந்த அம்மாளின் பட்டுப்புடவையோடு காலைப் பிடித்துக்கொண்டதும் ஒரே நிமிஷத்தில் நடந்துவிட்டது. காபி டம்ளர் உருண்டது. அன்றைக்கு மாமாகூடச் சிரிக்கவில்லை. அவர்கள் போனதும் அப்பா செருப்பைக் கழற்றினார். எறும்பைக்கூட நசுக்காத அப்பா அவனை அப்படி அடித்ததை என் கண்ணால் பார்த்தேன். அடிபட்டவன் ஊளையிட்டபடி வந்து என் காலைத்தான் கட்டிக்கொண்டான்.

மறுநாள் அடி அண்ணாமலை கிராமத்திலிருந்து அப்பாவின் அலுவலகப் பியூன் வந்து அவனைக் கயிற்றோடு கூட்டிப்போனார். அவருக்கு அங்கே நிலம் இருந்தது, காவலுக்கு ஆகும் என்றார். நான் புழுதியில் உருண்டு அழுதேன்.

"ஏம்மா அனுப்பிட்டீங்க?"

"எல்லாரையும் கட்டிப்பிடிச்சா இப்படித்தான் அனுப்பிடுவாங்க" என்றாள் அம்மா. பாவம், வேறு என்னதான் சொல்வாள்?

அன்று சாயங்காலம் சைக்கிள் மணி கேட்டது. ஓடப் போன நான் பாதியில் நின்றேன். என்னையும் யாராவது கயிற்றோடு கூட்டிப்போக வந்துவிட்டால்? கையிரண்டையும் பின்னால் கட்டிக்கொண்டு வாசலிலேயே நின்றுவிட்டேன்.

இரண்டு வாரம் கழித்து, ஞாயிற்றுக்கிழமை காலை, நான் கேட்காமலேயே அப்பா என்னைச் சைக்கிளில் வைத்து அடி அண்ணாமலைக்கு மிதித்தார். வேர்க்கடலை வயலோரம் ஜிம்மி கட்டிக் கிடந்தான். எலும்பு தெரிந்தது. என்னைக் கண்டதும் கயிறு அறுந்துவிடும்போலத் துள்ளி வந்து காலைப் பிடித்தான். எனக்கு அவனை வாரி எடுத்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. ஆனால் அப்பா பார்த்துக்கொண்டிருந்தார். அவன் கைகளை ஒவ்வொன்றாகப் பிரித்துத் தள்ளிவிட்டேன். குனிந்து, அவனுக்கு மட்டும் கேட்கும்படி, "கட்டிப்பிடிக்காதடா, அப்பத்தான் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போவாங்க" என்றேன். அவனுக்கு எங்கே புரியும்? மறுபடியும் வந்தான். மறுபடியும் தள்ளினேன்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா அம்மாவிடம் சொன்னார்: "அதை மறந்துட்டா. கிட்டயே சேர்க்கல. நல்லதுதான்." அதற்கப்புறம் என்னை அங்கே அழைத்துப்போகவில்லை. அடுத்த பௌர்ணமிக் கூட்டத்தில் கயிற்றை அறுத்துக்கொண்டு யார் பின்னாலேயோ போய்விட்டான் என்று பியூன் வந்து சொன்னார். அவ்வளவுதான் ஜிம்மி.

போன மாதம் என் மகனின் நாய்க்குட்டி அதே வேலையை ஆரம்பித்தது. டாக்டரிடம் நான் கூச்சமே படாமல் சொன்னேன். "இந்த வயசுல எல்லாக் குட்டியும் பண்றதுதாங்க. சிரிக்காதீங்க, அடிக்காதீங்க, நகந்து போயிட்டு ஒரு பந்தைக் குடுங்க" என்றார். இவ்வளவுதானா! வீடு வரும்வரை ஆட்டோவில் அழுதுகொண்டே வந்தேன். இதைச் சொல்ல அப்பா இல்லை. போய் ஆறு வருஷமாகிறது. காலைத் தொட்டுக் கும்பிட்டிருக்கிறேன், ஜிம்மி போனதற்கப்புறம் ஒரு நாளும் கட்டிக்கொண்டதேயில்லை.

ஜிம்மி போன பிறகு ரொம்ப நாள்வரை, அப்பா கேட்டருகே சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டுவிட்டு, உள்ளே வராமல் கொஞ்ச நேரம் அங்கேயே நிற்பார். இரண்டு தடவை மணியடிப்பார். மணியில் ஏதோ கோளாறு, சரிபார்க்கிறார் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.