பிளக்கில் படிந்த வெள்ளை

சூடான இரும்பில் உப்புத்தண்ணீர் பட்டால் ஒரு வாடை வரும்... அண்ணனின் மோட்டார் சைக்கிள் வாசலில் வந்து நிற்கும்போதெல்லாம் அந்த வாடைதான். கடற்கரை ரோட்டின் ஈரம் எஞ்சினில் தெறித்து, 'ஸ்ஸ்' என்று அடங்கும்.

பிலோமி, நம்மோடு எட்டாம் வகுப்பு படித்த பிள்ளைகள் நடத்தும் கையெழுத்துப் பத்திரிகைக்குப் பழைய நினைவு ஏதாவது எழுதச் சொன்னாய். உங்களைப் போல எனக்குப் பள்ளிக்கூட நினைவுகள் அதிகம் இல்லை. அம்மா படுக்கையில் விழுந்ததும் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றுவிட்டேன். அதற்கு அடுத்த வருஷம் நடந்தது இது.

யுத்தம் முடிந்து பட்டாளத்தார் விற்றுவிட்டுப் போன வண்டி அது. அப்பா ஹார்பரில் ஃபிட்டர். வேலை விட்டு வந்ததும் வீட்டுக்குப் பின்னால் உள்ள ஓலை ஷெட்டில் லாஞ்சுப் படகுகளின் எஞ்சின்களைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருப்பார். அண்ணனுக்கு ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபீசில் வேலை அமைவதாக இருந்தது. தினமும் காகிதக் கட்டைத் திருநெல்வேலிக்குக் கொண்டுபோக வேண்டும், சொந்த வண்டியில். திங்கட்கிழமை பதினொரு மணிக்குள் முதல் கட்டு போய்ச் சேர்ந்தால் வேலை நிச்சயம்.

அந்தச் சமயம் பார்த்து சைலன்சர் உளுத்து விழுந்தது. உப்புக்காற்று அதைக் கருவாட்டுச் செதில் மாதிரி உரித்துவிட்டது. பட்டாளத்து சைலன்சருக்கு எங்கே போவது? உடைத்துப் போட்ட லாஞ்சு ஒன்றின் பித்தளைக் குழாயை வளைத்து அப்பாவே மாட்டினார். உள்ளே தடுப்பு எதுவும் இல்லாத அகலக் குழாய்.

ஸ்டார்ட் பண்ணியதும் தெருவே திரும்பிப் பார்த்தது. அண்ணன் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. பத்தொன்பது வயதில் வேறென்ன வேண்டும்...

ஆனால் ஆக்ஸிலேட்டரைக் குறைத்தால் குழாய்க்குள் 'பட் பட்' என்று வெடித்தது. உப்பளம் வரை போய் வந்தாலே எஞ்சின் அடுப்பாய்க் கொதித்தது. எஞ்சினுக்குள் தீப்பொறி விடும் பிளக்கை அப்பா கழற்றினார். நுனி வெள்ளை வெளேரென்று இருந்தது.

"உப்புக் காத்து. உள்ள இழுத்திருக்கு" என்றார். மண்ணெண்ணெயில் துடைத்து மாட்டினார். மறுபடி ஓட்டினால் மறுபடி வெள்ளை. மறுபடி துடைத்தார்.

வண்டியோடு வந்த இங்கிலீஷ் புத்தகம் ஒன்று இருந்தது. வீட்டில் அதை எழுத்துக்கூட்டியாவது படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அதில் மூன்று பிளக் படம். கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகம். பனங்கிழங்குத் தோல் நிறம் என்றால் சரி. வெள்ளை என்றால் பெட்ரோல் குறைவு, எஞ்சின் வெந்து போகும். புகை தடையில்லாமல் வெளியே போனால் காற்று கூடுதலாக உள்ளே வரும். அதற்கேற்ப பெட்ரோலையும் கூட்ட வேண்டும். கார்பரேட்டருக்குள் இருக்கும் ஊசியின் கிளிப்பை ஒரு வெட்டு கீழே மாட்டினால் ஊசி உயரும், பெட்ரோல் கூடும். போதவில்லை என்றால் பெட்ரோல் வரும் ஜெட்டின் துளையைப் பெரிதாக்க வேண்டும். ஊசி வேலைக்குக் கால் மணி நேரம் கூட ஆகாது.

ஞாயிறு பூசை முடிந்து வந்து சொன்னேன். அப்பா புத்தகத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "இதை எழுதினவன் தூத்துக்குடியப் பாத்திருக்கானா?" என்று கேட்டார். நம் ஊரில் பூட்டு வெளுக்கிறது, சுவர் வெளுக்கிறது, உலர்த்திய துணி விறைக்கிறது. எல்லாம் உப்பு. பிளக் வெளுத்தால் மட்டும் வேறென்னவாக இருக்கும்? அவர் சொன்னதிலும் நியாயம் இருப்பது போலத்தான் தோன்றியது.

அதனால்தான் அதைச் செய்தேன். அந்த வெள்ளையை விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன். சாம்பல் மாதிரி இருந்தது. உப்பே இல்லை.

"அப்பா... இது உப்பா இல்லப்பா" என்றேன்.

ஹார்பரில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டும் அண்ணாச்சி ஒருவர், இன்னும் இரண்டு பேரோடு ஷெட்டில் இருந்தார். "ஏளா, பிளக்கையா நக்குத? கொழம்பு வைக்கப் போறியா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தான். அப்பா மட்டும் சிரிக்கவில்லை. ஆள் முன்னால் மகள் தன் வேலையில் குற்றம் சொல்கிறாள் என்று அவர் முகம் இறுகிப் போனது. உள்ளே போகச் சொன்னார். போய்விட்டேன்.

திங்கட்கிழமை காலை. காகிதக் கட்டைப் பின்னால் கட்டிவிட்டு, வாசலில் நின்ற என்னை அண்ணன் பார்த்தான்.

"என்னளா, ஏதோ சொல்ல வந்தே?"

நாக்கு நுனி வரை வந்தது. வேகமாகப் போகாதே, வழியில் நிறுத்தி ஆறவிட்டுப் போ... அதையாவது சொல்லியிருக்கலாம். முதல் நாள் சிரிப்பு காதில் இருந்தது.

"ஒண்ணுமில்ல" என்றேன்.

திருநெல்வேலி போகும் வழியில் வண்டி வல்லநாடுகூடத் தாண்டவில்லை. பிஸ்டன் தலையில் சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு ஓட்டை. சாயங்காலம் மாட்டுவண்டியில் அண்ணனும் மோட்டார் சைக்கிளும் வந்து இறங்கினார்கள். அந்த வேலை வேறொருவனுக்குப் போனது. இரண்டு மாதத்தில் அண்ணன் கொழும்புத் தோணியில் ஏறிப் போனான். மூன்று கடிதம் வந்தது. அப்புறம் இல்லை.

இப்போது எனக்குப் பதினேழு. ஷெட்டில் சைக்கிள் பஞ்சர்தான் அதிகம் வருகிறது. அந்த வண்டி மூலையில் கிடக்கிறது. பித்தளைக் குழாய் பச்சை பூத்துவிட்டது. யார் கேட்டாலும் அப்பா சொல்வது ஒன்றுதான்: "உப்பு தின்னுட்டு."

போன வாரம் அந்தப் பிளக்கைத் தேடி எடுத்து, ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டு அவர் மேசையில் வைத்தேன். உப்பென்றால் கரைந்திருக்கும். வெள்ளை அப்படியே இருந்தது. அப்பா வெகுநேரம் அதைப் பார்த்தார். பிறகு தண்ணீரைக் கொட்டிவிட்டு, பிளக்கைத் துடைத்து டப்பாவில் போட்டார்.

மறுநாள் சைக்கிள் கொண்டுவந்த ஆள் மூலையில் கிடந்த வண்டியைப் பற்றிக் கேட்டான். நான் ஷெட் வாசலில்தான் நின்றேன். அப்பா என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு, "உப்பு" என்றார்.

அண்ணன் இருந்த அன்றாவது சின்னக் குரலில் சொல்லிப் பார்த்தேன். இந்தத் தடவை வாயே திறக்கவில்லை. திறந்து இனி யாரை நிறுத்தப் போகிறேன்... அண்ணன்தான் கிளம்பிப் போய்விட்டானே.