திருநீறு போட்டுத் தேய்த்த டார்ச்

கீழ்வீட்டு அண்ணனின் டார்ச்சைக் கெடுத்தது நான்தான். அதை அவரிடம் சொல்ல எனக்கு இரண்டு நாள் ஆனது. இங்கே முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மலேசியாவில், கிள்ளானில் லிஃப்ட் இல்லாத நான்கு மாடி அடுக்கு வீட்டில், மேல்மாடியில் தனியாக இருக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரியோடு செருப்பு அலமாரிக்காகச் சண்டை. எதிர்வீட்டோடு நாய்க்காகச் சண்டை. இரண்டிலும் நியாயம் என் பக்கம். பூச்சோங்கில் இருக்கும் அக்கா விஷயத்தில் மட்டும் அப்படிச் சொல்ல முடியாது. அவள் வீட்டு கேட்டில் காரை இடித்துவிட்டு, அது ஏற்கெனவே வளைந்துதான் இருந்தது என்று முகத்துக்கு நேரே சொன்னேன். அவள் கேட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அதன் பிறகு அவளிடமிருந்து ஃபோன் வரவில்லை. நானும் கூப்பிடவில்லை. இந்தக் கட்டடத்தில் நான் தட்டினால் திறக்கிற கதவு கீழ்வீட்டுக் கதவு ஒன்றுதான்.

ஒரு நாள் சாயங்காலம் நல்ல மழை. என் வீட்டில் மட்டும் மெயின் சுவிட்ச் ட்ரிப் ஆகிக் கரண்டு போய்விட்டது. சுவிட்ச் பெட்டி கதவுக்கு மேலே, இருட்டு மூலையில் இருக்கிறது. கீழே போய்த் தட்டினேன். அந்த அண்ணன் ரயில்வேயில் பெட்டிகளுக்கு அடியில் புகுந்து சோதிக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி, மகன், மருமகள் என்று வீடு நிறைய ஆட்கள். அந்தக் காலத்து டார்ச்சை எடுத்துக்கொண்டு அவரே மேலே வந்தார். அவர் வெளிச்சம் பிடிக்க, நான் ஸ்டூலில் ஏறி சுவிட்சைத் தூக்கினேன். காப்பி போட்டுக் கொடுத்தேன். ரயில் பெட்டிக்கு அடியில் பாம்பைக் குழாய் என்று நினைத்துப் பிடித்த கதையைச் சொன்னார். அரைமணி நேரம் இருந்தார். என் வீட்டில் இருக்கும் இரண்டாவது நாற்காலியில் அக்காவுக்குப் பிறகு உட்கார்ந்தவர் அவர்தான். மழை விடவில்லை, மறுபடியும் ட்ரிப் ஆகும் என்று டார்ச்சை விட்டுவிட்டுப் போனார்.

இரவல் வாங்கிய பாத்திரத்தை நாங்கள் வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பதில்லை. ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுத்தான் கொடுப்போம். டார்ச்சில் எதைப் போடுவது? துடைத்தாவது கொடுப்போம் என்று மறுநாள் காலையில் தலைப்பகுதியைக் கழற்றினேன். பல்பைச் சுற்றியிருக்கும் வெள்ளிக் கிண்ணம் மங்கிப் போயிருந்தது. ஈரத் துணியால் துடைத்தேன், போகவில்லை. வெள்ளி விளக்கை எதால் தேய்க்கிறேனோ அதையே எடுத்தேன். கட்டைவிரலில் திருநீற்றைத் தொட்டு, வட்டம் வட்டமாக, நன்றாக அழுத்தித் தேய்த்தேன். கழுவிப் பார்த்தால் கிண்ணம் முழுக்க மயிரிழைக் கீறல்கள். ஓர் இடத்தில் பூச்சே போய் மஞ்சள் பிளாஸ்டிக் தெரிந்தது. அதோடு விட்டேனா? பற்பசை கீறலை எடுக்கும் என்று ஃபோனில் எவனோ சொன்னதைக் கேட்டு அதையும் போட்டுத் தேய்த்தேன். இன்னும் மோசமானது.

ஷா ஆலமில் ஒரு தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடம் சோதனைப் பிரிவில் இருந்தவள் நான். பொருளை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, கீறல் இருந்தால் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி ஒதுக்குவதுதான் என் வேலை. வேலைக்கு வந்த எத்தனை பிள்ளைகளை அதற்காகத் திட்டியிருக்கிறேன்.

ஒரு நாள் விட்டு அடுத்த நாள் ரயில் பிடித்து கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் போனேன். அங்கே கைக்கடிகாரமும் டார்ச்சும் பழுது பார்க்கும் ஒரு சின்னக் கடை இருக்கிறது. கடைக்காரன் கிண்ணத்தை மூக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தான்.

"ஆன்டி, இதத் தொடவே கூடாது லா. தூசி இருந்தா ஊதி விட்டா போதும். உள்ள இருக்கறது வெறும் பூச்சு."

வேறு கிண்ணம் போட்டுத் தா என்றேன். இந்த மாடலுக்கு இப்போது கிடைக்காது என்றான். இதைச் சொல்லவா கடை வைத்திருக்கிறாய் என்று அவனிடமும் கத்தினேன். பிறகு அவனிடமே ஒரு புது எல்இடி டார்ச் வாங்கிக்கொண்டு வந்தேன்.

மாடி ஏறும்போது வாயில் அந்தப் பழைய வாக்கியம் வந்து நின்றது. ஏற்கெனவே இப்படித்தான் இருந்தது. சொல்லியிருக்கலாம். பழைய டார்ச்தானே, நம்பியும் இருப்பார்.

கீழ்வீட்டுக் கதவைத் தட்டினேன். அண்ணன் திறந்தார். பழையதை நீட்டினேன். வாங்கியதும் பழக்கத்தில் வெளிச்சத்தைச் சுவரில் அடித்துப் பார்த்தார். வெளிச்சத்தின் நடுவில் ஒரு கறுப்புத் திட்டு, சுற்றிலும் கோடு கோடாக மங்கல்.

"நான்தான் கெடுத்தேன். திருநீறு போட்டுத் தேச்சேன்" என்றேன். மாடிப்படி முழுக்கக் கேட்டிருக்கும்.

"ஏம்மா கத்துற? நான் கேக்கவே இல்லையே." மறுபடியும் சுவரைப் பார்த்தார். "திருநீறா? டார்ச்சுக்கு என்ன, காய்ச்சலா?"

உள்ளே மருமகள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. புதியதை நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"எனக்கு எதுக்கு? இதுவே போதும். நீயே வெச்சுக்கம்மா. இனிமே கரண்டு போனா இருட்டுல இறங்கி வர வேணாம் பாரு."

நல்ல மனதோடுதான் சொன்னார். அது எனக்குத் தெரியும். தலையை ஆட்டிவிட்டு மேலே வந்தேன்.

அடுத்த வாரம் மழையில் மறுபடியும் ட்ரிப் ஆனது. புது டார்ச்சை அடித்தேன். வட்டமான வெள்ளை வெளிச்சம், ஒரு குறை இல்லை. தொழிற்சாலையில் வந்திருந்தால் அப்படியே அனுப்பியிருப்பேன். ஸ்டூலில் ஏறினேன், ஒரு கையில் டார்ச், ஒரு கையால் சுவிட்ச். ஒரு நிமிடத்தில் மின்விசிறி சுற்ற ஆரம்பித்தது. காப்பி போட்டேன். ஒரு தம்ளர்.

கீழ்வீட்டில் யாரோ பேசுவதும் சிரிப்பதும் கேட்டது. போய்த் தட்டினால் திறப்பார். என்ன வேண்டும் என்று கேட்பார். டார்ச் என்று இனிச் சொல்ல முடியாது.