நாய் கும்பிட்ட காலை

காலை ஆறு இருபது. பாபநாசத்துக்குப் பக்கத்தில் அக்கா வீட்டு முன்கூடத்தில் நான் முதலில் பார்த்தது ஜிம்மியைத்தான். முன்னங்கால்கள் இரண்டையும் நீட்டி, மார்பைச் சிமெண்டுத் தரையில் பதித்து, இடுப்பை மட்டும் மேலே தூக்கிக்கொண்டு நின்றது. அதன் முகத்துக்கு நேரே சுவரோரம் ஐயப்பன் படமும் விளக்கும் இருந்தன. மலைக்கு மாலை போட்டிருந்த அத்தான், கறுப்பு வேட்டியும் ஈரத் தலையுமாகச் சரணம் சொல்லிக்கொண்டிருந்தார். வெளியே கார்த்திகை மழை விட்டு, வாய்க்கால் நிரம்பிப் போகும் சத்தம் கேட்டது. நாய் அசையவில்லை.

"பாத்தியாடா?" அக்கா என் தோளில் தட்டினாள். "நேத்து சாயந்தரத்துலேர்ந்து இப்படித்தான். பூசை ஆரம்பிச்சா இதுவும் கும்பிட ஆரம்பிச்சுடுது."

முதல் நாள் பூசையின்போது அவள் அதைச் செல்போனில் வீடியோ எடுத்திருந்தாள். பதினொரு விநாடி. மணிச் சத்தம், அத்தானின் சரணம், நாயின் வளைந்த முதுகு, கடைசியில் அக்காவின் சிரிப்பு: "பாரு, பாரு, எப்படிக் கும்பிடுதுன்னு!" சொந்தக்காரர்களின் வாட்ஸப் குழுவுக்கு அனுப்பிவிட்டாள். கூப்பிய கைகளாகப் பதில்கள் வந்து குவிந்திருந்தன. பக்கத்து வீட்டுக்காரர் பல் துலக்கிக்கொண்டே நேரில் பார்க்க வந்தார். "ஜிம்மி சாமிக்கும் ஒரு மாலையைப் போட்டு விட்ருங்க சாமி. அடுத்த வருசம் இருமுடி கட்டிரலாம்" என்றவர், என்னைப் பார்த்து, "தம்பி, ஒங்க பேப்பர்ல போடலாமே" என்றார். அப்போது நான் தஞ்சாவூரில் ஒரு நாளிதழின் நிருபர். ஞாயிற்றுக்கிழமை செய்தி குறைவாக வரும் நாள். மாவட்டப் பக்கத்தில் மூன்று பத்தி அகலத்துக்குப் படம் போடலாம் என்று நானும் மனதில் இடம் ஒதுக்கினேன்.

சரணம் முடிந்து கற்பூரம் அணைந்த பிறகும் நாய் நிமிரவில்லை. பிறகு நிமிர்ந்தது, இரண்டடி நடந்தது, வயிற்றை உள்ளே இழுத்து இழுத்துக் குமட்டி, மஞ்சளாகக் கொஞ்சம் நுரைநீர் கக்கியது. உடனே பழையபடி குனிந்துகொண்டது. இந்த முறை அதன் முகம் படத்தை நோக்கி இல்லை. செருப்புகள் கிடந்த மூலையை நோக்கி இருந்தது. அக்கா ஒரு வாளித் தண்ணீரோடு ஓடிவந்து இடத்தைக் கழுவிவிட்ட வேகத்தை நான் கவனித்தேன். ராத்திரியும் இரண்டு தடவை கக்கியது, புல்லைத் தின்றிருக்கும் என்றாள். சனிக்கிழமை காலைக்குப் பிறகு அது எதுவும் தின்னவில்லை, வெளிக்கும் போகவில்லை என்பதெல்லாம் கேட்கக் கேட்கத்தான் வந்தது. வயிறு கட்டிக்கொண்டிருக்கிறது, விளக்கெண்ணெய் கொடுத்தால் இறங்கிவிடும் என்று பக்கத்து வீட்டுக்காரர் வைத்தியம் சொன்னார். அத்தான் எண்ணெயைச் சுடவைத்துப் பாலாடையில் ஊற்றிக்கொண்டு வந்து நாயின் வாயைப் பிடித்தார். மற்ற நாளாக இருந்தால் அது திமிறியிருக்கும். அன்று வாயைக் கொடுத்துவிட்டு நின்றது. எனக்கு முதலில் பயம் வந்தது அந்த இடத்தில்தான்.

மாடுகளுக்கு அம்மை கண்ட சமயத்தில் செய்திக்காகப் போய்ப் பழக்கமான கால்நடை மருத்துவர் ஒருவர் பாபநாசத்தில் இருந்தார். என்னைவிடப் பத்து வயதாவது இளையவர். ஊரில் எல்லாருக்கும் டாக்டரம்மா. அவருக்குப் போன் செய்து ஒலிபெருக்கியில் போட்டேன். நான் சொல்லி முடிக்கும்வரை அவர் காத்திருக்கவில்லை. "எப்பலேர்ந்து வாந்தி? தண்ணி குடிச்சா தங்குதா? வயித்தைத் தொட விடுதா? வாயில எதையும் ஊத்தாதீங்க. எண்ணெய் கிண்ணெய் ஒண்ணும் கூடாது, சொல்லிட்டேன்." அத்தானின் கை நின்றது. நாய் எப்படி நிற்கிறது என்று கேட்டார். எனக்கு அதை விவரிக்க வரவில்லை. வீடியோவை அனுப்பினேன். அவர் பார்க்கும் நேரம் நாங்கள் நால்வரும் செல்போனையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

"இது கும்பிடலைங்க" என்றார். "வயித்து வலி. தாங்க முடியாம வயித்தை நீட்டி வச்சுக்குது. உடனே தூக்கிட்டு வாங்க."

அக்காவைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். ஓடு பறந்த புயல் வருடத்தில், மாட்டை அவிழ்த்துவிட அத்தானுக்கு முன்னால் கொட்டகைக்குள் போனவள் அவள். வைக்கோல் பிடுங்கும்போது கிளம்பிய விரியனைக் கையிலிருந்த அலக்குக் கழியால் அழுத்திப் பிடித்தபடி, பதறாமல் ஆள் கூப்பிட்டவள். அவள் பயந்து நான் பார்த்ததில்லை. அன்று அவள் முகத்தில் ரத்தம் இல்லை. மினிடோர் சரக்கு வண்டியின் பின்னால் சாக்கை விரித்து நாயைக் கிடத்தியபோது, யாரும் கூப்பிடாமலே ஏறி அதன் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டாள். நாய்க்காகப் பயப்படுகிறாள் என்று நினைத்தேன். அது பாதிதான்.

டாக்டரம்மா ஞாயிற்றுக்கிழமையிலும் மருந்தகத்தைத் திறந்து வைத்திருந்தார். நாயின் உதட்டைத் தூக்கி ஈறை விரலால் அழுத்தி, வெளுத்த இடம் மறுபடி சிவக்க எவ்வளவு நேரமாகிறது என்று பார்த்தார். கழுத்துத் தோலைக் கிள்ளித் தூக்கி விட்டார். தோல் தூக்கின இடத்திலேயே நின்று மெதுவாக இறங்கியது. நாக்கைத் தூக்கி அடியில் டார்ச் அடித்தார். இரண்டு உள்ளங்கைகளையும் வயிற்றின் இரு பக்கமும் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, மாவு பிசைகிறவரைப் போல விரல்களை நகர்த்தினார். ஓர் இடத்தில் நாய் முனகியது. அவர் விரல்கள் அங்கேயே நின்றன. "கயிறு மாதிரி ஏதோ திரண்டு நிக்குது" என்றார், யாருக்கும் சொல்லாமல்.

பிறகு கேள்விகள். துணி, சாக்ஸ், பந்து, மாங்கொட்டை, சோளக்கட்டை? எங்கள் தொழிலில் நாலு கேள்வி கேட்டு ஐந்தாவதை மறந்துவிடுவோம். அவர் ஒவ்வொரு பதிலுக்கும் காத்திருந்தார். "வீட்ல கறி, மீன், எலும்பு ஏதாவது?"

"மாலை போட்ட வீடும்மா" என்றார் அத்தான். "கவுச்சி வாடையே கிடையாது."

"எதுக்குக் கேக்குறேன்னா சாமி, வயித்து வலின்னா பத்துக் காரணம் இருக்கும். வெறும் வயித்துப் புண்ணுன்னா டிரிப்ஸ் போட்டு சாயந்தரம் வரைக்கும் பாக்கலாம். மயக்க மருந்து குடுத்து வயித்தைக் கிழிக்கறது சின்ன விசயம் இல்ல. ஆனா எதையாவது முழுங்கிக் குடல் அடைச்சிருந்தா, பாத்துட்டு உக்காந்திருக்கற ஒவ்வொரு மணி நேரமும் குடல் அழுகும். வெளியில தெரியாது. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

அக்கா சேலைத் தலைப்பை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள், மறுபடி சுற்றினாள். டாக்டரம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஊசி ஏற்றுவதற்காகக் கீழே இறக்கிவிட்ட நாய், நேரே அத்தான் முன்னால் போய், அவருடைய வெறுங்காலுக்குப் பக்கத்தில் கால்களை நீட்டி இடுப்பைத் தூக்கிக் குனிந்தது. அத்தான் ஓர் அடி பின்னால் நகர்ந்தார்.

"நாரு" என்றாள் அக்கா.

தரையைப் பார்த்துத்தான் சொன்னாள். சிங்கப்பூரிலிருந்து பத்து நாள் விடுப்பில் வந்திருந்த மகன் சனிக்கிழமை விடியலில் கிளம்ப வேண்டியிருந்தது. அம்மா கையால் ஒரு வாய் கோலா உருண்டை தின்னாமல் போகிறோமே என்று அவன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறான். அத்தான் வெளியூர் பஜனைக்குப் போயிருந்த வெள்ளிக்கிழமை மத்தியானம், வீட்டு அடுப்பைத் தொடாமல், பின்னால் கொட்டகையில் கல்லைக் கூட்டிச் சமைத்திருக்கிறாள். எங்கள் பக்கத்தில் கறிக்கோலா குழம்பில் உடையாமலிருக்க ஒவ்வோர் உருண்டையையும் வாழைநாரால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டுவார்கள். தின்னும்போது நாரை உருவி இலை ஓரத்தில் போடுவது வழக்கம். இலையைச் சுருட்டிக் குப்பைக்குழியில் போட்டு மண்ணையும் தள்ளியிருக்கிறாள், வாடை வரக்கூடாது என்று.

"எத்தனை உருண்டைங்க?"

"பதினஞ்சு, இருபது இருக்கும். சாயந்தரம் குழியத் தோண்டிப் போட்டிருந்துச்சு. இலைதான் கெடந்துச்சு. நாரைக் காணும்."

மசாலாவும் கொழுப்பும் ஊறின நார். டாக்டரம்மா தலையாட்டினார். "ஒண்ணொண்ணாப் போயிருந்தா வெளிய வந்திருக்கும். சிக்கு விழுந்து ஒரு முனை இரைப்பை வாயில மாட்டிக்கிச்சு. இன்னொரு முனையைக் குடல் கீழ இழுக்குது. பாவாடை நாடாவை இழுத்தா துணி சுருங்குமே, அப்படிக் குடல் நாருல ஏறிச் சுருங்கிக்கும். அப்புறம் நார் அறுக்க ஆரம்பிக்கும். எக்ஸ்ரேல நார் தெரியாது. தஞ்சாவூர்ல ஸ்கேன் பாத்து உடனே தொறக்கணும்."

அக்கா அப்போதுதான் அத்தானை நிமிர்ந்து பார்த்தாள். விரதத்தில் வீட்டில் நேர்கிற தப்பு, மலை ஏறுகிறவன் தலையில் விடியும் என்பது அவள் வளர்ந்த நம்பிக்கை. நாயைக் காப்பாற்ற அவள் சொன்ன வார்த்தை புருஷனைக் கொண்டுபோய்விடுமோ என்பதுதான் மறுபாதி பயம். அத்தான் கழுத்து மாலையை ஒரு தடவை தொட்டார். பிறகு குனிந்து நாயை இரண்டு கையாலும் அள்ளினார். "சாமி, வண்டிய எடுக்கச் சொல்லுங்க" என்றார் என்னிடம்.

தஞ்சாவூருக்குப் போகிற வழி முழுக்க அவர்தான் டிரிப்ஸ் பாட்டிலைத் தூக்கிப் பிடித்திருந்தார். டாக்டரம்மாவும் கூடவே வந்தார். அய்யம்பேட்டை தாண்டி வண்டி ஒரு பள்ளத்தில் குலுங்கியபோது நாயின் வால் விலகி, பின்பக்கம் பழுப்பாக ஒரு நார் முனை விரல் நீளத்துக்குத் தொங்கியது தெரிந்தது. அத்தானின் கை அனிச்சையாக அதை நோக்கிப் போனது.

"கைய வைக்காதீங்க!" டாக்டரம்மா கத்திய கத்தலில் ஓட்டுநர் வண்டியையே நிறுத்திவிட்டார். "இழுத்தீங்கன்னா உள்ள குடல் கிழிஞ்சு போயிரும் சாமி." அத்தான் அந்தக் கையை மடியில் வைத்துக்கொண்டார். மீதித் தூரம் முழுவதும் அந்த முனை வண்டியின் ஆட்டத்துக்கு ஆடியது. நாங்கள் யாரும் வேறு எதையும் பார்க்கவில்லை.

தனியார் மருத்துவமனை ஒன்றில் ஸ்கேன் எடுத்தார்கள். குடல் கொசுவம் வைத்ததுபோல மடிந்து மடிந்து கிடந்தது எனக்கே தெரிந்தது. மத்தியானம் டாக்டரம்மா ஓர் எஃகுத் தட்டோடு வெளியே வந்தார். அதில் ஒரு கைப்பிடி நார், நனைந்த சணல் போல. குடலில் ஓரிடம் கறுத்துவிட்டது, வெட்டி எடுத்துத் தைத்திருக்கிறது என்றார். "பொழச்சுடுச்சான்னு இன்னிக்குக் கேக்காதீங்க. தையல் விடறதுன்னா மூணாம் நாளுலேர்ந்து அஞ்சாம் நாளுக்குள்ள விடும். அது தாண்டட்டும்."

மூன்றாம் நாள் அத்தானுக்கு இருமுடி கட்டு. போவாரா என்று யாருக்கும் தெரியவில்லை. அவர் கோயில் குருசாமியைப் போய்ப் பார்த்தார். என்ன பேசினார்கள் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. இருமுடி கட்டிக்கொண்டு கிளம்பினார். அக்கா, வீட்டுக்குத் தூக்கிவந்த நாய்க்குப் பக்கத்தில் சாக்கைப் போட்டுப் படுத்தாள். சொன்ன அளவுக்குக் கஞ்சித் தண்ணீர், சொன்ன நேரத்துக்கு மருந்து. சாயங்காலமானால் என் அலுவலகத்துக்குப் போன் செய்வாள். ஜிம்மி குனியவில்லை, கக்கவில்லை என்று சொல்வாள். சொல்லிவிட்டுக் கேட்பாள்: "மலைக்குப் போற ரோட்டுல எதுவும் விபத்துச் செய்தி வந்துச்சாடா?" நான் ஏஜென்சிச் செய்திகளைத் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டு இல்லை என்பேன். "நல்லாப் பாத்தியா?" என்பாள். நான்காம் நாள் தேனிப் பக்கம் ஒரு வேன் கவிழ்ந்ததாக ஒரு வரி வந்தது. எந்த ஊர் வேன் என்று தெரிகிறவரை அவள் போனை எடுக்க எனக்குக் கை வரவில்லை. அது வேறு ஊர் வேன். அன்று நான் அவளுக்குச் சொன்னது முழுச் செய்தி அல்ல.

அத்தான் திரும்பி வந்தார். மாலையைக் கழற்றினார். அரவணைப் பாயச டப்பாவைத் திறந்து எல்லாருக்கும் கொடுத்துவிட்டு, அக்காவைப் பார்த்து, "ஜிம்மிக்கு இனிப்பு ஆகுமான்னு டாக்டரம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுரு" என்றார். ஆகாது என்றார் டாக்டரம்மா. கொட்டகையைப் பற்றியோ கோலாவைப் பற்றியோ அத்தான் ஒருநாளும் பேசியதில்லை. அக்கா அதற்குப் பிறகு நார் கட்டிச் சமைக்கவில்லை. அவள் வீட்டில் கோலா உடைந்துதான் வரும்.

நாய் இன்னும் நான்கு வருடம் இருந்தது. அக்காவுக்கு மட்டும் அந்த வீடியோ ஆறவில்லை. வலியில் துடித்ததைப் பார்த்துச் சிரித்திருக்கிறேனே என்று, குழுவிலிருந்த ஒவ்வொருவரையும் கூப்பிட்டு அழிக்கச் சொன்னாள். அழித்துவிட்டோம் என்று எல்லாரும் சொன்னார்கள். அடுத்த கார்த்திகையில் கூத்தாநல்லூரில் ஒரு கடைக்காரர் அதை எனக்கே காட்டினார். பிறகு ஒவ்வொரு கார்த்திகையிலும் யாராவது அனுப்புகிறார்கள். அக்கா இறந்து இரண்டு வருடமாகிறது. அவள் சிரிப்பு கடைசியில் வரும் என்பதால், நான் அதைத் திறந்து முடிவுவரை கேட்பதுண்டு.

இந்த வருடமும் வந்தது. அதே முன்கூடம், அதே பதினொரு விநாடி. ஒலியை எடுத்துவிட்டு ஒரு பக்திப் பாட்டைச் சேர்த்திருக்கிறார்கள்.