ஒன்றரை மீட்டருக்கு அப்பால்

அண்ணன் மகளின் கல்யாணத்துக்கு முந்தின நாள் மாலை. திருக்கோகர்ணத்தில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் நின்று, என் முகத்துக்கு நேரே அரிசி எறிந்துகொண்டிருந்தாள் மனைவி.

"இட்லிக்கு ஊறப்போட வச்சிருந்த அரிசிங்க இது. கேமராவுக்கு அட்சதை போட்ட மொத ஆளு நானாத்தான் இருப்பேன்."

"இன்னும் ஒரே ஒரு கை."

மாடியின் அந்தக் கோடியில், கொடியில் காய்ந்த நீலப் புடவைதான் அப்போதைக்கு என் மதினி.

அண்ணன் போன பிறகு மதினி எந்தக் கல்யாண மேடையிலும் ஏறியதில்லை. சொந்த மகளுக்கும் ஏற மாட்டேன் என்றுவிட்டார். மகள் சண்டை போட்டாள், அழுதாள், கடைசியில் என்னிடம் வந்தாள்.

"தாலி ஏறும்போது நான் குனிஞ்சிருப்பேன் சித்தப்பா. அம்மாவப் பாக்க முடியாது. அந்த நேரத்து அம்மா மொகம் எனக்கு வேணும்."

என்னிடம் இருந்தது ஜூம் இல்லாத நூற்று முப்பத்தைந்து மில்லிமீட்டர் லென்ஸ். ஒரு முகத்தில் ஃபோகஸ் ஆனால் மற்றதெல்லாம் குளத்தில் கரைந்த விளக்குகளாகிவிடும். ஆனால் அதற்கு என் புத்தி. கண்முன் ஏதாவது பறந்தால் அதைப் பிடிக்க ஓடும், பிடிபடாமல் தொலைவுக்கு ஓடும், திரும்பி வருவதற்குள் உலகம் கடந்துபோயிருக்கும். அட்சதை மழையில் அதை நம்ப முடியாது.

அப்போதுதான் லென்ஸின் பக்கவாட்டில் இருந்த சின்ன சுவிட்சின் நினைவு வந்தது. வாங்கிய நாளிலிருந்து தொட்டதில்லை. மேலே இருந்தால் லென்ஸ் எல்லாத் தூரத்தையும் துழாவும். கீழே தள்ளினால் ஒன்றரை மீட்டருக்குள் வரும் எதையும் கண்டுகொள்ளாது.

தள்ளினேன். அவள் எறிந்தாள். அரிசி மங்கலான மின்மினிகளாய்க் கடந்துபோக, நீலப் புடவை தன் நூலெல்லாம் தெரிய நின்றது. இவ்வளவு காலமும் என் நெற்றியில் இப்படியொரு சுவிட்ச் இல்லாமல் போயிற்றே என்று தோன்றியது.

மறுநாள் திருவரங்குளத்து மண்டபம். மேடைக்கு முதுகைக் காட்டி நின்றேன். மதினி கடைசியில், பந்திக்கூடத்து வாசலில்.

"சார், தாலி அங்கிட்டு ஏறுது! நீங்க இங்கிட்டுப் பாத்துக்கிட்டு நிக்கிறீங்க!" என்றார் வீடியோக்காரர்.

"அங்கிட்டுத்தான் நீங்க இருக்கீங்கள்ல."

கெட்டிமேளம். முன்வரிசையிலிருந்து எழுந்த அரிசி என் லென்ஸை உரசிப் பறந்தது. மஞ்சளாய், மெதுவாய், கனவில் பெய்வதுபோல. அதற்கு அப்பால், ஓடாமல் அலையாமல், மதினியின் முகம். அவர் கையிலும் அட்சதை. நின்ற இடத்திலிருந்தே வீசினார். அது மேடைக்கு எங்கே வர? கடைசி வரிசை நாற்காலிகளில் விழுந்தது.

சடங்குகள் முடிந்து மாலையோடு இறங்கிவந்த மகளிடம் கேமராவின் திரையைக் காட்டினேன். நெடுநேரம் பார்த்தாள்.

"அம்மா போட்ட அரிசி எங்க விழுந்துச்சு சித்தப்பா?"

காட்டினேன். நேரே போனாள். பட்டுப்புடவை மடங்கக் குனிந்து, நாற்காலிகளிலிருந்து அரிசியைக் கூட்டி எடுத்தாள். அம்மாவின் உள்ளங்கையில் கொட்டித் தலையைத் தாழ்த்தினாள்.

"இப்பப் போடு."

"எல்லாரும் பாக்குறாகடி."

"பாக்கட்டும்மா."

ஓடிப்போய் அவர்கள் அருகில் நின்று கேமராவைத் தூக்கினேன். இரண்டு வண்ணங்கள் மட்டும் தெரிந்தன, முகங்கள் இல்லை. லென்ஸ் பிடிக்க மறுத்தது. எனக்கு ஒன்றும் ஓடவில்லை.

கூட்டத்துக்குள்ளிருந்து என் மனைவியின் குரல். "ஒன்றரை மீட்டருங்க! பின்னால வாங்க!"

பின்னால் நகர்ந்தேன். சாம்பார் வாளி முதுகில் இடித்தது. யாரோ திட்டினார்கள். இன்னும் ஓரடி வைத்தேன். மகளின் தலைமேல் மதினியின் கை திறந்தது, ஒவ்வோர் அரிசியும் தெரிந்தது.