பைப்புக்கு யார் கை தூக்கலாம்?

மூன்று கிழமைக்கு முந்திய ஞாயிறு, பின்னேரம் நாலு மணிக்கு, எங்கள் ஒழுங்கையில் ஒரு தேர்தல் நடந்தது. சின்னத் தேர்தல்தான். வேட்பாளர் கிடையாது, ஒலிபெருக்கி கிடையாது, யாரும் தொண்டை கட்டக் கத்தவில்லை. ஆனாலும் நான் கண்ட தேர்தல்களுக்குள் – வோட்டுப் போட்டவை, அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கராக இருந்த காலத்தில் கடமை பார்த்தவை எல்லாம் சேர்த்து இது பதினோராவது – எனக்கு அதிகம் வியர்த்தது இதற்குத்தான்.

விஷயம் ஒரு தண்ணீர் பைப். எங்கள் ஒழுங்கைக்கு ஒரு பொதுக் குழாய் தர நகரசபை இணங்கியது. ஒன்றே ஒன்று. ஒழுங்கை தொடங்குகிற பெரிய ரோட்டின் ஓரமாக ஒரு நீர்க்குழாய் போகிறது. அது முடிகிற கடற்கரை ரோட்டோரம் இன்னொன்று போகிறது. ஆகவே பைப் மேல்முனையில் நிற்க வேண்டும், அல்லது கீழ்முனையில் நிற்க வேண்டும். நடுவில் வைக்க ஏலாது. எது வேண்டும் என்று நீங்களே முடிவு செய்து எழுதி அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

ஒழுங்கையில் நாற்பத்து மூன்று வீடுகள். மேல்பக்கம் பத்தொன்பது. கீழ்ப்பக்கம் இருபத்து மூன்று. நடுவில், எந்தப் பக்கமும் சேராமல், சைக்கிள் திருத்துகிற கரீம் நானாவின் வீடு. வீட்டுக்கு ஒரு வோட்டு என்று எங்கள் ஒழுங்கைச் சங்கம் தீர்மானித்தது. சங்கத்தின் காரியதரிசி நான். மேல்பக்கத்து ஆள். பைப் மேல்முனையில் வந்தால் என் வீட்டுப் படலையிலிருந்து அதற்குப் பன்னிரண்டு எட்டு. முளை அடித்து இடம் குறித்த அன்றே நடந்து பார்த்துவிட்டேன்.

தலையை எண்ணினால் மேல்பக்கம் தோற்க வேண்டும், இல்லையா?

இந்த இடத்தில்தான் எங்கள் சங்கத் தலைவர் சின்னத்துரை ஒரு நியாயத்தோடு வந்தார். அவர் பலசரக்குக் கடைக்காரர். என் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருக்கிறார். கீழ்ப்பக்கத்து இருபத்து மூன்றில் ஒன்பது வீடுகள் இந்தியாவிலிருந்து வந்தவர்களுடையவை. யுத்த காலத்தில் துறைமுகத்தில் கடற்படை வேலைக்கென்று வந்தார்கள். வெள்ளைக்காரன் தளத்தை ஒப்படைத்துவிட்டுக் கப்பலேறினான், இவர்கள் ஏறவில்லை. இவர்களுக்குப் பிரஜாவுரிமை இல்லை. நாட்டுத் தேர்தலில் வோட்டு இல்லாத ஆட்களுக்கு ஒழுங்கைத் தேர்தலில் மட்டும் எப்படி வோட்டு வரும் என்று கேட்டார்.

கேட்டால் சரி போலத்தானே இருக்கிறது? ஒன்பதைக் கழித்தால் கீழ்ப்பக்கம் பதினாலு. நாங்கள் பத்தொன்பது.

நான் ஓம் என்றேன். ஏன் ஒளிக்க வேண்டும்? பன்னிரண்டு எட்டு…

அறிவித்தல் எழுதுவது காரியதரிசியின் வேலை. பிழை அங்கேதான் புகுந்தது. பிரஜாவுரிமை என்று எல்லோரும் எழுதுவதுபோல் எழுதியிருக்கலாம். வடசொல் எதற்கு, நல்ல தமிழில் எழுதுவோமே என்று ஓர் ஆசை. தமிழ்நாட்டுப் பத்திரிகைகளில் பார்த்த சொல் ஒன்று கைவசம் இருந்தது. அழகான கையெழுத்தில் எழுதினேன்: 'குடிநீர்க் குழாய் அமைக்கும் இடம் – குடியுரிமை உடையோர் மட்டும் வாக்களிக்கலாம்.' இரண்டு பிரதிகள். ஒன்று மேல்முனை விளக்குக் கம்பத்தில்; மற்றது கரீம் நானாவின் கடைக் கதவில்.

மேல்வரியில் குடிநீர். கீழ்வரியில் குடியுரிமை. ஒழுங்கை என்ன விளங்கிக்கொள்ளும்? குடிக்கிற உரிமை. தண்ணீர் குடிக்காத வீடு எது?

நாலு மணிக்கு நான் பெயர் இடாப்போடு கரீம் நானாவின் கடை முற்றத்துக்குப் போனபோது முதல் வரிசையில் இருந்தவர்கள் அந்த ஒன்பது வீட்டுக்காரர்கள்தான். தலை வாரி இழுத்து, சலவைச் சேட்டுப் போட்டு, ஆளுக்கொரு வாங்குப் பலகையின் முனையைப் பிடித்து உட்கார்ந்திருந்தார்கள். முதன்முதலாக ஒரு வோட்டு வந்திருக்கிறது என்றால் வேறு எப்படி வருவார்கள்?

துறைமுகத்தில் மூட்டை இறக்கி ஓய்வு பெற்ற தம்பிராசாவும் வந்தார். கள்ளு வாசம் அவருக்கு ஓரெட்டு முன்னே வந்தது.

"கிளாக்கர் ஐயா, குடியுரிமை எண்டா இந்த ஒழுங்கையில முதல் உரிமை எனக்குத்தான்" என்றார். "முப்பது வருசமா ஒரு நாள் விடேல்ல."

கூட்டம் சிரித்து அடங்கச் சில நிமிஷமாயிற்று. சின்னத்துரை சிரிக்கவில்லை. எழுந்து நின்று, அந்தச் சொல்லுக்குப் பிரஜாவுரிமை என்றுதான் அர்த்தம், எழுதியவர் இங்கேயே இருக்கிறார், கேளுங்கள் என்றார். கரீம் நானா சும்மா இருப்பாரா? கடைக் கதவில் இருந்த தாளைக் கழற்றிக்கொண்டு வந்து என் மடியில் வைத்தார்.

"எழுதி இரிக்கிறது இதானே? பிரஜை எண்டு எங்க இரிக்கி? நீங்களே வாசிங்க கிளாக்கர் ஐயா."

வாசித்தேன். பிரஜை என்று எங்கேயும் இல்லை.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் வாழ்க்கையில் ஒரு சொல்லின் அர்த்தத்துக்காக நாற்பத்து மூன்று வீடு காத்துக்கொண்டிருந்தது அன்றைக்கு மட்டும்தான். நான் நினைத்ததைச் சொன்னால் ஒன்பது பேர் எழுந்து போக வேண்டும். எழுதியதைச் சொன்னால் பைப் போய்விடும். மூக்குக் கண்ணாடியை மூன்று தரம் துடைத்தேன்.

அந்த ஒன்பது வீட்டில் ஒன்று பாக்கியத்தினுடையது. புருஷன் கடற்படைத் தளத்தில் மெக்கானிக்காக இருந்தவர், காலமாகிவிட்டார். அவளுக்கு இந்த மண்ணில் முப்பத்திரண்டு வருஷம். இந்த நாட்டுப் பிரதமரும் இந்தியப் பிரதமரும் கூடி, இத்தனை பேர் உங்களுக்கு, இத்தனை பேர் எங்களுக்கு, மிச்சப் பேரைப் பிறகு பார்ப்போம் என்று கையெழுத்து வைத்தார்களே – எண்ணுவதில் எனக்கும் குரு அந்த ஒப்பந்தம் – அதிலே பாக்கியம் எந்தக் கணக்கில் என்று இன்றுவரை யாரும் அவளுக்குச் சொல்லவில்லை.

அவள் கோபப்படவில்லை. வாங்கின் முனையிலிருந்து எழுந்து நின்றாள்.

"எனக்கு வோட்டு இல்லேன்னா போறேனுங்க ஐயா. ஒண்ணு மட்டும் கேட்டுட்டுப் போறேன். நீங்க எல்லாத்தையும் எண்ணுறவங்க. என் வீட்டிலருந்து மேல்முனைக்கு எத்தனை எட்டுன்னு எண்ணினீங்களா?"

நான் எண்ணியிருக்கவில்லை.

இந்த ஊரில் நான் எண்ணாதது எது? வெளிச்சவீட்டு விளக்கு எத்தனை வினாடிக்கு ஒரு தரம் மின்னுகிறது, கிண்ணியாப் பாதையில் – படகைச் சொல்கிறேன் – ஒரு தடவைக்கு எத்தனை சைக்கிள் ஏறும், கோணேசர் மலைக்கு ஏறும் வழியில் எத்தனை மான் படுத்திருந்தது, எல்லாம் கேட்ட மாத்திரத்தில் சொல்வேன். இதை மட்டும் எண்ணவில்லை. எண்ணினால் வேறு விடை வந்துவிடும் என்று எனக்குள்ளே இருக்கிற ஒருவருக்குத் தெரிந்திருந்தது போல.

"அப்ப எண்ணுவமே" என்றார் கரீம் நானா. கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது.

அந்த ஊர்வலத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். முன்னால் வெறும் வாளியோடு பாக்கியம். பின்னால் அவள் காலடியை எண்ணிக்கொண்டு நான். அதற்குப் பின்னால் தலைவரும் மற்றவர்களும். அவள் வாசலிலிருந்து மேல்முனை முளை வரைக்கும் முந்நூற்று எண்பத்தாறு எட்டு. சின்னத்துரைகூட மறுக்கவில்லை, அவரும் எண்ணியிருந்தார், அவருக்கு முந்நூற்று எண்பத்தொன்பது.

"வெறும் வாளி பாரமில்லையே" என்று கரீம் நானா அடுத்த ஆணியை அடித்தார். என் வீட்டுக் கிணற்றில் ஒரு வாளி அள்ளினார்கள். என் கிணற்று நீர் குளிக்கவும் துவைக்கவும் திறம். தேத்தண்ணிக்கு மட்டும் வாய்க்காது. எனக்குப் பைப் தேவைப்படுவது ஒரு நாளைக்கு ஒரு வாளிக்கு. கீழ்ப்பக்கத்துக் கிணறுகள் கடலுக்குப் பக்கத்தில் இருப்பதால் முழுக்க உப்பு. பாக்கியம் வீட்டுக்கு ஒரு நாளைக்கு எட்டு வாளி. இதையெல்லாம் நான் அறிந்தது கிணற்றடியில் நின்றபோதுதான், அதுவும் கேட்டு.

பாக்கியம் வாளியை எடுக்கக் குனிந்தாள். கரீம் நானா தடுத்தார்.

"எண்ணுற ஆள் தூக்கட்டும்."

அறுபத்தெட்டு வயசு எனக்கு. மறுக்க ஒரு காரணம் தேடினேன். அந்த நேரம் பார்த்து ஒன்றும் வரவில்லை. தூக்கினேன். நூறு எட்டு வரைக்கும் சரியாகப் போனேன். பிறகு கையை மாற்றினேன். நூற்று அறுபதில் தண்ணீர் வேட்டியில் தெறித்தது. இன்னொரு தரம் மாற்றினேன். கரீம் நானாவின் கடை தாண்டியதும் வாளிக் கம்பி விரலை அறுத்தது. இறக்கி வைத்தேன், தூக்கினேன், இறக்கி வைத்தேன். எங்கேயோ ஓரிடத்தில் என் மனசு எட்டுகளை விட்டுவிட்டு விரலைப் பார்க்கப் போய்விட்டது. பாக்கியத்தின் வாசலில் வாளியை வைத்தபோது அதில் முக்கால்தான் இருந்தது.

"எத்தனை கிளாக்கர்?" என்று சின்னத்துரை கேட்டார்.

"தெரியாது" என்றேன்.

இந்த ஒழுங்கையில் பதினேழு வருஷமாக இருக்கிறேன். நான் அந்தச் சொல்லைச் சொல்லி யாரும் கேட்டதில்லை. தம்பிராசா சிரிக்கத் தொடங்க, ஒழுங்கை முழுக்கச் சிரித்தது. பாக்கியம் ஒரு மூக்குப்பேணியில் தண்ணீர் கொண்டுவந்து தந்தாள். வாங்கிக் குடித்தேன்.

திரும்பி வந்து கூட்டத்தைக் கூட்டினோம். காரியதரிசி தீர்ப்புச் சொல்ல வேண்டும். குடி என்ற சொல்லுக்கு எத்தனை அர்த்தம் என்று விரலை மடக்கினேன். குடிப்பது, ஒன்று. குடியிருப்பது, இரண்டு. குடும்பம், மூன்று. ஒரு நாட்டின் பிரஜை, நாலு.

"இந்த நாலில் மூன்றுக்குப் பாக்கியம் தகுதி" என்றேன். "நாலாவது மட்டும் கொழும்பிலே ஒரு பைலுக்குள் இருக்கு. மூன்றுக்கு ஒன்று. தீர்மானம் நிறைவேறியது. எல்லோரும் கை தூக்கலாம்."

சின்னத்துரை தன் ஆட்சேபத்தைக் குறிப்பில் எழுதச் சொன்னார். எழுதினேன், ஒரு சொல் விடாமல். அவர் சொல்வது வெறும் வீம்பு என்று நான் சொல்லமாட்டேன். துறைமுகத்தில் வெளிநாட்டுக் கப்பலொன்று வந்து நிற்கிறது; மாலுமிகள் இரண்டு நாள் ஊரைச் சுற்றிப் பார்க்கிறார்கள். அவர்களைக் கூப்பிட்டு, இந்தாருங்கள் வோட்டு, இந்த நாட்டை ஆளுவது யார் என்று சொல்லுங்கள் என்று யாராவது கேட்பார்களா? நானும் கேட்கமாட்டேன். எங்கேயோ ஒரு கோடு வேண்டும்தான்.

ஆனால் கோட்டை எங்கே போடுவது? முப்பத்திரண்டு வருஷம் ஒரே இடத்தில் இருப்பவளை நாளைக்குக் கப்பலேறப் போகிற மாலுமியோடு ஒரு பக்கத்தில் நிறுத்துகிற கோடு என்ன கோடு? அதோடு இன்னொன்று. சுதந்திரத்துக்கு முந்திய தேர்தலில் அவள் புருஷன் வோட்டுப் போட்டவர். நான் நின்ற வரிசையில்தான் அவரும் நின்றார். நாடு சுதந்திரம் அடைந்தது, அவர் வோட்டு போயிற்று. அன்றைக்கு நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. என் பெயர் வாக்காளர் இடாப்பில் இருந்தது. இருக்கிறதா என்று பார்த்துவிட்டு இடாப்பை மூடிவிட்டேன். கோட்டுக்கு உள்ளே நிற்கிறவனுக்குக் கோடு கண்ணில் படுவதில்லை, அவ்வளவுதான்.

வாக்கெடுப்பு. மேல்முனைக்குக் கை தூக்கினவர்கள் பதினெட்டு. கீழ்முனைக்கு இருபத்தைந்து. கரீம் நானா கீழ்முனைக்கு. மேல்பக்கத்திலிருந்தும் ஒரு கை கீழ்முனைக்கு எழுந்தது. அது யாருடையது என்று என் மனைவி அன்று இராச்சாப்பாடு வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒன்பது கையைக் கழித்துப் பாருங்கள், பதினாறு. மேல்முனை வென்றிருக்கும். ஆக, இந்தத் தேர்தலைத் தீர்மானித்தவர்கள் பிரஜை அல்லாதவர்கள்தான். சின்னத்துரை இதை எனக்கு ஒரு நாளைக்கு ஒரு தரம் ஞாபகப்படுத்துகிறார். நான் மறுப்பதில்லை, கணக்குச் சரி.

நகரசபை பதினாறு நாளில் பைப்பை நட்டுவிட்டது. கீழ்முனையில், கடற்கரை ரோட்டோரம்.

நேற்றுக் காலை தேத்தண்ணிக்கு ஒரு வாளியோடு போனேன். என் படலையிலிருந்து முந்நூற்றுத் தொண்ணூற்றிரண்டு எட்டு. திரும்பி வருவதை எண்ணுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். பைப்படியில் ஏழு பெண்கள், ஏழு வாளிகள். எட்டாவதாக நான்.

என்னைக் கண்டதும் அவர்களுக்குள் ஒரு குசுகுசுப்பு. ஒருத்தி சத்தமாகவே கேட்டாள், இது கீழ்ப்பக்கத்துப் பைப்பாச்சே, மேல்பக்கத்து ஆக்கள் அள்ளலாமோ என்று. எனக்கு முன்னால் நின்ற பாக்கியம் மிகவும் யோசித்தாள். முகத்தில் சிரிப்பே இல்லை.

"அதை நாம சொல்லக் கூடாதுங்க" என்றாள். "முறைப்படி வோட்டுக்கு விடுவோம். ஐயா அள்ளலாம்ங்கிறவங்க கை தூக்குங்க."

ஏழு கைகள் எழுந்தன. எட்டாவதாக எழுந்த கையைப் பாக்கியம் இறக்கச் சொன்னாள். அது என்னுடையது.