எண்ணெய் ஆறுமுன் அணைத்த எஞ்சின்

எண்பதுகளின் நடுவில் நடந்தது இது. அப்போது நான் கந்தப்பளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் துரையின் கார் ஓட்டிக்கொண்டிருந்தேன். துரை என்றதும் வெள்ளைக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். தோட்டத்து மனேஜர்தான், சிங்களவர். வெள்ளைக்காரர்கள் எப்போதோ கப்பல் ஏறிவிட்டார்கள். அவர்கள் விட்டுப்போன பேரும் பழக்கவழக்கமும் மட்டும் எங்களோடு தங்கிவிட்டன.

அந்தப் பழக்கங்களில் ஒன்று இது. பங்களா வாசலில் கார் வந்து நின்றால், துரையின் கால் தரையில் படுவதற்குள் எஞ்சின் அடங்கியிருக்க வேண்டும். வாசலில் புகையும் இரைச்சலும் கூடாது. எனக்கு முன்பிருந்த டிரைவர்கள் அப்படித்தான் செய்தார்கள். நான் அதில் பெரிய கெட்டிக்காரன். பிரேக், சாவி, கதவு மூன்றையும் ஒரே மூச்சில் முடித்துவிட்டு விறைப்பாக நிற்பேன். பக்கத்துத் தோட்டத்து டிரைவர்கள் எல்லாம் என்னைப் பார்த்துப் பொறாமைப்படுவதாக எனக்கு ஒரு நினைப்பு வேறு.

ஒருநாள் துரைக்கு டர்போ டீசல் கார் ஒன்று வந்தது. அதைக் கொழும்பிலிருந்து கொண்டுவந்து ஒப்படைத்த மெக்கானிக் என்னைவிடப் பத்து வயது இளையவர். உள்ளே ஒரு முள்ளைக் காட்டிச் சிங்களத்தில் பொறுமையாக விளக்கினார். எஞ்சின் எண்ணெய் எவ்வளவு சூடாக இருக்கிறது என்று காட்டும் முள் அது. காலையில் அது கொஞ்சம் ஏறும்வரை வண்டியை விரட்டக் கூடாது. ஏற்றம் ஏறி வந்து நிறுத்தினால், அது இறங்கும்வரை இரண்டு மூன்று நிமிடம் எஞ்சினைச் சும்மா ஓடவிட வேண்டும். அப்போது, எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி ஏற்றும் டர்போ நெருப்பாகக் கொதிக்கும். அதற்குள் ஓடிக்கொண்டிருக்கும் எண்ணெய்தான் அதை ஆற்றும். சட்டென்று அணைத்தால் எண்ணெயும் நின்றுவிடும், நின்ற இடத்திலேயே கருகித் தார் மாதிரி அடைத்துக்கொள்ளும் என்றார்.

எல்லாம் எனக்கு நன்றாகவே புரிந்தது. புரியாமல் செய்தேன் என்று சொல்லித் தப்பிக்க வழியே இல்லை.

எங்கள் பங்களா மலை உச்சியில் இருந்தது. எங்கே போய் வந்தாலும் கடைசி மூன்று மைல் முழுக்க ஏற்றம்தான். முதல் நாள் மெக்கானிக் சொன்னபடி எஞ்சினை ஓடவிட்டேன். துரை இறங்கி, காரை ஒரு பார்வை பார்த்தார், என்னை ஒரு பார்வை பார்த்தார், உள்ளே போய்விட்டார். அவ்வளவுதான். அதிலேயே எனக்கு வேர்த்துவிட்டது. மறுநாளிலிருந்து பழையபடி நின்றதும் சாவியைத் திருப்பினேன்.

'ஐயா, இந்த வண்டிக்கு ரெண்டு நிமிஷம் வேணும்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். துரைக்கே பாடம் எடுப்பதா என்ற பயம் பாதி, தொழில் தெரியாதவன் என்று நினைத்துவிடுவாரோ என்ற மண்டைக்கனம் பாதி. முள் உச்சியில் நிற்கும்போதே தினமும் அணைத்தேன்.

மாதக்கணக்கில் ஒன்றும் ஆகவில்லை. அப்புறம் ஏற்றத்தில் மெல்லிய விசில் கேட்கத் தொடங்கியது. பின்னால் நீலப் புகை வந்தது. எண்ணெய் குறைந்தது. குறைந்ததை ஊற்றிக்கொண்டு வாயைப் பொத்திக்கொண்டிருந்தேன்.

ஒரு மழைக்காலத்துக் காலை. பெரட்டில் பேர் கொடுத்துவிட்டு ஆட்கள் கொழுந்து பறிக்க மலைக்குப் போய்விட்டார்கள். கீழ் லயத்தில், தொழிலாளர் வீட்டு வரிசையில், நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்திக்கு இரத்தம் போக ஆரம்பித்துவிட்டது. நோயாளிகளை ஏற்றும் தோட்டத்து லொறி தேயிலைப் பெட்டிகளோடு நானுஓயா ஸ்டேஷனுக்குப் போயிருந்தது. உடனே நுவரெலியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாவிட்டால் தாயும் இல்லை பிள்ளையும் இல்லை என்று தோட்டத்து மருத்துவச்சி சொல்லிவிட்டார். கேள்விப்பட்டதும் துரை ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. தன் காரை எடுத்துக்கொண்டு போகச் சொன்னார்.

பின் சீட்டில் அவளைக் கிடத்தி, மருத்துவச்சி தன் மடியில் அவள் தலையை வைத்துக்கொண்டார். புருஷன் என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"டைவரண்ணே, கொஞ்சம் வெரசா போங்கண்ணே" என்றான்.

லயம் பெரிய ரோட்டுக்கும் கீழே பள்ளத்தில் இருந்தது, அங்கிருந்து ரோட்டுக்கு ஏற வேண்டும். பாதி ஏற்றத்தில் அந்த விசில் கீச்சென்று அலறலாக மாறியது. உள்ளே இரும்பு உடைகிற சத்தம். வண்டி இழுக்க மறுத்தது. கண்ணாடியில் பார்த்தால் பின்னால் ரோடே தெரியவில்லை, வெறும் புகை. எண்ணெய் இல்லை என்று காட்டும் சிவப்பு விளக்கு எரிந்தது. ஒரு வளைவில் எஞ்சின் நின்றேபோனது. எத்தனை முறை சாவியைத் திருப்பியும் அசையவில்லை.

"என்னாச்சுண்ணே?"

"தெரியலப்பா" என்றேன். எனக்குத் தெரியும்.

மலையில் வேலை செய்தவர்கள் ஓடிவந்தார்கள். அவளைக் கம்பளியில் கிடத்தி, ஆளுக்கொரு பக்கம் பிடித்து மழையில் ஏறினோம். ஒரு மூலையை நான் பிடித்திருந்தேன். கம்பளி நனைந்து கனத்தது, என் கையில் வழிந்த தண்ணீர் சிவப்பாக இருந்தது. பெரிய ரோட்டில் ஒரு மரக்கறி லொறியை மறித்து ஏற்றினோம். ஆஸ்பத்திரி வாசலை எட்டியபோது அவளுக்கு உயிர் இல்லை. பிள்ளையும் இல்லை. கொஞ்சம் முந்தி வந்திருக்கலாமே என்று ஒரு நர்ஸ் சொன்னார். புருஷன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

சில நாளில் அதே மெக்கானிக் வந்து டர்போவைக் கழற்றினார். எண்ணெய் போகும் துவாரம் முழுக்கக் கருந்தார். ஏற்றம் ஏறி வந்தால் எவ்வளவு நேரம் ஓடவிடுவாய் என்று துரைக்கு முன்னாலேயே கேட்டார். துரையை இறக்கிவிட்டு, ஷெட்டுக்குக் கொண்டுபோய் ஐந்து நிமிடம் ஓடவிடுவேன் என்று வாய் கூசாமல் சொன்னேன். அவர் என் முகத்தையே பார்த்தார். பிறகு சாமானிலேயே ஏதோ கோளாறு இருக்கலாம் என்று சொல்லிவிட்டார். துரை சாதாரணமாகச் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது.

"அப்படி ஓடவிடணும்னு எனக்குத் தெரியாதே. தெரிஞ்சிருந்தா கேட்லயே இறங்கி நடந்து வந்திருப்பேன்."

கருமாதிக்கு அழைக்கப் புருஷன் என் வீட்டுக்கே வந்தான். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான்.

"நீங்க உசிரக் குடுத்து ஓட்டுனீங்கண்ணே. வண்டி மோசம் பண்ணிருச்சு, அதுக்கு நீங்க என்ன செய்வீங்க? மொதப் பந்தியில நீங்க உக்காரணும்."

உட்கார்ந்தேன். அவன் கையாலேயே சோறு போட்டான். தின்றேன்.

சில மாதங்களில் அவன் தோட்டத்தை விட்டு வவுனியாப் பக்கம் போய்விட்டான். பஸ் ஏற்றிவிட நானும் போனேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். பஸ் கிளம்பும்வரை மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்துவிட்டுத் திரும்பி வந்தேன். துரை செத்துப் பல வருஷமாகிறது, அவன் இருக்கிறானா என்றுகூடத் தெரியாது. முகம் தெரியாத உங்களிடம் இன்று சொல்லிவிட்டேன், கேட்டிருக்க வேண்டிய அந்த இரண்டு பேரிடமும்தான் நான் கடைசிவரை வாய் திறக்கவில்லை.