நாலாம் தொட்டியில் ஓர் இடம்

ரெய்க்யாவிக்குக்கு வரும் பயணி முதல் நாள் காலையில் ஊரைப் பார்க்கக் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்குள் பார்த்து முடித்துவிடலாம். ஒரு தேவாலயம், ஓர் ஏரி, ஏரியில் வாத்துகள். நாடாளுமன்றத்தைக் காட்டினால் பள்ளிக்கூடமா என்று கேட்பார்கள். எரிமலை பார்க்க பஸ் உண்டு. காற்றடித்தால் அதுவும் ஓடாது. மார்ச் மாதத்தில் காற்றடிக்காத நாளைப் பார்த்தவர் இருந்தால் தயவுசெய்து எங்களுக்கும் சொல்லட்டும். ஆகவே இரண்டாம் நாள், தலைநகரைப் பார்க்க வந்த அத்தனை பேரும் வேறு போக்கிடம் இல்லாமல் துண்டும் கையுமாக நீச்சல் குளத்துக்கு வந்து சேருவார்கள். அங்கே சோல்வி நின்றிருப்பார்.

மேற்குப் பக்கத்துக் குளத்தில் ஆண்கள் குளியலறைக் காவலர். இருபத்தேழு வருஷ சர்வீஸ். குளத்தில் இறங்குமுன் எவனாக இருந்தாலும் துணி முழுவதையும் களைந்து சோப்புப் போட்டுக் குளிக்க வேண்டும். குளிக்கிறானா என்று பார்ப்பதுதான் உத்தியோகம். சுவரில் ஒரு மனித உருவப் படம், அதில் நாலு சிவப்பு வட்டம்: தலை, அக்குள், இடுப்புக்குக் கீழே, பாதம். எங்கள் பிள்ளைகள் எழுத்துக்கு முன்னால் இந்தப் படத்தைத்தான் படிக்கிறார்கள். வெளியூர்க்காரன்தான் கால்சட்டையோடு நின்று தலைமுடியை மட்டும் நனைத்துக்கொண்டு நழுவப் பார்ப்பான். சோல்வி கத்தமாட்டார். தோளைத் தட்டி, தன் உடம்பில் அந்த நாலு இடத்தையும் ஒவ்வொன்றாக விரலால் காட்டுவார். ஒரு மந்திரியையே அப்படித் திருப்பி அனுப்பியிருக்கிறார். அடுத்த தேர்தலில் அந்த மந்திரி தோற்றதற்குத் தான் காரணமில்லை என்று, யாரும் கேட்காமலே, அடக்கத்தோடு சொல்லிக்கொள்வார்.

குளத்துக்கு வெளிப்புறம் நாலு வெந்நீர்த் தொட்டிகள். அதில் நாலாவதுதான் அதிகச் சூடு. தினமும் காலை ஏழு மணிக்குக் கழுத்தளவு தண்ணீரில் கிழடுகள் ஆறு பேர் கூடுவார்கள். நாடாளுமன்றத்தில் பேசப்போவதை முந்தின நாளே பேசித் தீர்ப்பு எழுதிவிடும் சபை அது. தலைவி க்ரோவா, ஓய்வுபெற்ற மருத்துவச்சி. ஊரில் பாதிப் பேரின் முதல் அழுகையைக் கேட்டவள் என்பதால் மீதி அழுகைக்கு அவள் இரங்குவதில்லை. மீன்பிடிக் கப்பலில் சமையல்காரராக இருந்த ஹாஃப்லிதி ஐம்பது வருஷத்துக்கு முன் ஒரு நாள் மீன் சூப்பைத் தீய விட்டார். இன்றைக்கும் காலைதோறும் தொட்டியில் அவரைக் கேலி செய்யும் வாய்களில் அது தீய்ந்துகொண்டிருக்கிறது.

ஜனவரியில் அவர்களில் ஒருவரான கெட்டில் செத்துப்போனார். முதுகில் தண்ணீர் பீய்ச்சும் அவருடைய மூலை இடம் காலியாயிற்று. மார்ச் கடைசியில் சோல்விக்கு ஓய்வு. அவருக்கு பென்ஷன் பெரிதில்லை. அந்த மூலை வேண்டும். ஆனால் இருபத்தேழு வருஷத்தில் அந்தத் தொட்டியில் ஒருவர்கூட அவரைக் கேலி செய்ததில்லை. அவர் சீருடையோடு பக்கத்தில் வந்தாலே பேச்சு நின்றுபோகும், யாராவது "காத்து ஜாஸ்தி" என்பார்கள். ஊரையே அம்மணமாகப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னவரிடம் யார் வாயைக் கொடுப்பார்கள்? ஒரு நாள் மென்று விழுங்கி க்ரோவாவிடம் கேட்டே விட்டார்.

"தொட்டி என்ன எங்கப்பன் வீட்டுதா? வா, உக்காரு. ஆனா கெட்டில் இடம் யாருக்குன்னு நாங்க சொல்றதில்ல சோல்வி. அது தானா தெரியும்," என்றாள் அவள். அவர் அதையே நினைத்து நினைத்து இளைத்தார்.

வேலையின் கடைசி வாரம் திங்கட்கிழமை அவுரேலியோ வந்தார். போர்ச்சுகலில் பல் மருத்துவராக இருந்து ஓய்வுபெற்றவர். பத்து நாள் பயணம், எல்லா பஸ்ஸும் ரத்து. கால்சட்டையோடு ஷவருக்கடியில் நின்றார். சோல்வி தோளைத் தட்டினார்.

"எங்க ஊர்ல இப்படியெல்லாம் கிடையாதுங்க," என்றார் அவர், ஆங்கிலத்தில்.

"இது எங்க ஊரு," என்றார் சோல்வி.

மனிதர் குளிக்காமலே போய்விட்டார். செவ்வாய்க்கிழமை அக்குள் வரை வந்தார், அதற்குக் கீழே மானம் தடுத்தது. புதன்கிழமை சொந்த சோப்போடு வந்து, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று, தூக்குமேடைக்குப் போகிறவர் மாதிரி அவிழ்த்தார். நாலு இடத்தையும் பத்து நிமிஷம் தேய்த்தார். சோல்வி தலையசைத்தார், அவர் கையில் அதைவிடப் பெரிய விருது கிடையாது. விருது பெற்றவர் நேராகப் போய் நாலாம் தொட்டியில், கெட்டில் இடத்தில் உட்கார்ந்தார்.

ஒருவரும் எழுப்பவில்லை. அவருக்கு எங்கள் மொழி ஒரு சொல்லும் தெரியாது. யார் பேசினாலும் தலையை ஆட்டினார். குறுக்கே பேசாத ஒரு காதுக்காக எத்தனையோ வருஷமாக ஏங்கிக்கிடந்த கூட்டமாயிற்றே, விடுமா? வெள்ளிக்கிழமை க்ரோவா தன் கையால் அவருக்குக் காபி ஊற்றிக் கொடுத்தாள். உள்ளே சோல்விக்குப் பிரிவு உபசாரம் நடந்தது. அவர் கேக்கைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னல் வழியாக அதைப் பார்த்தார்.

திங்கட்கிழமை முதல் ஆளாகப் போய் மூலையைப் பிடித்துவிட வேண்டும் என்று விடியுமுன்னே கிளம்பினார். உடைமாற்றும் அறையில் புது நீல நீச்சல் கால்சட்டையை மாட்டினார். குளியலறை வழியே நடந்தார், ஒரு நாளைக்கு நாற்பது தடவை நடந்த அதே நடை, இடமும் வலமும் அதே பார்வை. ஒரு ஜெர்மன்காரனுக்கு அக்குளைக்கூட ஞாபகப்படுத்தினார். கதவைத் தள்ளி வெளியே போனார்.

ஆனால் எல்லோரும் அவருக்கு முன்பே வந்திருந்தார்கள், மூலையில் அவுரேலியோ இருந்தார். சோல்வி பரவாயில்லை என்று படியில் காலை வைத்தார். பல் மருத்துவர் நிமிர்ந்து அவர் தலையைப் பார்த்தார். முடி காய்ந்து நின்றது. மெல்ல எழுந்து சோல்வியின் முழங்காலைத் தட்டினார். பிறகு தன் உடம்பில் விரலால் காட்டினார்: தலை. அக்குள். மூன்றாவது. பாதம்.

தொட்டியில் எல்லோரும் திரும்பிச் சோல்வியின் தலையைப் பார்த்தார்கள்.

"சோல்வி, நீ குளிச்சியா?" என்று கேட்டாள் க்ரோவா.

அவர் பொய் சொல்லத் தெரியாத மனிதர். "இல்ல," என்றார்.

திரும்பி நடந்தார். படத்துக்கு அடியில் நின்று கால் மணி நேரம் தேய்த்தார். அந்த ஜெர்மன்காரன் கை கட்டிக்கொண்டு பார்த்தான். எல்லாம் போயிற்று, உடுப்பை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாமா என்று தோன்றியது. கதவைத் திறந்தபோது தொட்டியில் சிரிப்பு. அவர் கிட்டே வந்தார். சிரிப்பு நிற்கவில்லை. இருபத்தேழு வருஷத்தில் முதல் தடவையாக, அவர் வந்தும் நிற்கவில்லை.

அவுரேலியோ ஒரு பக்கமாகத் தள்ளி உட்கார்ந்திருந்தார். மூலை காலி.

"ரெண்டு பாதமும் தேச்சியாய்யா? எங்க, காட்டு பாப்போம்," என்றார் ஹாஃப்லிதி, கண்ணைத் துடைத்துக்கொண்டு. அவரைப்போல அன்றைக்குச் சிரித்தவர் யாருமில்லை.

சோல்வி உட்கார்ந்தார். தண்ணீர் முதுகில் பீய்ச்சியது. "ரெண்டு தடவ தேச்சேன்," என்றார், காது வரை சிவந்து.

இப்போதெல்லாம் நாலாம் தொட்டியில் மீன் சூப் தீய்வதில்லை.